பாட்டியின் அறைக் கதவை முதலில் திறங்கள்

கேள்வி: குளிர்காலத்தில் பொழுது சீக்கிரம் இருட்டிவிடுவதால் மாலையில் குழந்தைகளை வெளியே அனுப்ப முடிவதில்லை. எனக்கு ஆறு வயதில் ஒரு மகளும் நான்கு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். அலைபேசியைக் கையில் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்து, தினமும் ஐந்து மணி முதல் ஆறு மணிவரை காகிதத்தில் பனிப்பூ, பனிமனிதன் என்று ஏதாவது செய்யவைக்கிறேன். காணொளி பார்த்து எல்லாவற்றையும் முன்கூட்டியே தயார் செய்துவைக்கிறேன். ஆனால் பத்து நிமிடத்தில் மகன் எழுந்து ஓடிவிடுகிறான். மகள் போன வாரம் வெட்டிய பனிப்பூ இரண்டாகப் பிரிந்து விழுந்ததும் அதைக் கசக்கி எறிந்துவிட்டு, ‘எனக்கு இதெல்லாம் வராது’ என்றாள். இத்தனைக்கும் எந்த இடையூறும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன். என் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். முப்பது ஆண்டுகள் தையல் வேலை செய்தவர். இப்போது அவருக்குக் கை நடுக்கம். ‘நான் வெட்டித் தருகிறேன்’ என்று கத்தரிக்கோலை எடுத்துக் காகிதத்தை வீணாக்கிவிடுவார் என்பதால், அந்த ஒரு மணி நேரம் அவருடைய அறைக் கதவைச் சாத்திவைக்கிறோம். இப்போதெல்லாம் நான் சொல்லாமலே மகள் போய்ச் சாத்திவிட்டு வருகிறாள். சிறு குழந்தைகளுக்கு ஏற்ற எளிய குளிர்காலக் காகித வேலைகள் சிலவற்றைச் சொல்வீர்களா?

பதில்: குளிர்காலம் தொடங்கினாலே இந்தப் பகுதிக்கு இப்படிப்பட்ட கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். குழந்தை உட்காருவதில்லை, ஒட்டுவதில்லை, பாதியில் விட்டுவிடுகிறது என்று எழுதுவார்கள். எளிதான வேலை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று முடிப்பார்கள். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி கண்ணில் படாமல் இருந்திருந்தால், உங்கள் கடிதத்துக்கும் நாலைந்து வேலைகளைச் சொல்லி முடித்திருப்பேன். நீங்கள் சொல்லாமலே உங்கள் மகள் போய்ப் பாட்டியின் கதவைச் சாத்துகிறாள். இதை நீங்கள் வருத்தத்தோடு எழுதவில்லை. எவ்வளவு ஒழுங்காக எல்லாவற்றையும் செய்கிறீர்கள் என்பதற்குச் சான்றாக எழுதியிருக்கிறீர்கள்.

தம்பி, ஆறு வயதுக் குழந்தை ஒன்றைச் சொல்லாமலே செய்கிறது என்றால், அதை அது பாடமாகவே கற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள். இந்தக் குளிர்காலத்தில் உங்கள் மகளுக்குப் பனிப்பூ வெட்ட வரவில்லை; கதவு சாத்த வந்துவிட்டது. எதற்காகச் சாத்துகிறோம் என்பதும் அவளுக்குத் தெரியும். பாட்டியின் கை நடுங்குகிறது, நடுங்கும் கை காகிதத்தைக் கெடுக்கிறது, கெடுப்பவருக்கு மேசையில் இடமில்லை. இந்த மூன்றையும் அறிந்த ஒரு குழந்தை, தான் வெட்டிய பூ இரண்டாகப் பிரிந்து விழுந்தபோது தன் கையைப் பற்றி என்ன நினைத்திருக்கும்? அவள் ‘எனக்கு வராது’ என்று சொன்னதை நீங்கள் பொறுமையின்மை என்று எடுத்துக்கொண்டீர்கள். யாரும் அனுப்புவதற்கு முன் தானே எழுந்துகொண்டாள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

காணொளி பார்த்துக் கற்றுக்கொள்கிறேன் என்று எழுதிய நீங்கள்தான், முப்பது ஆண்டுகள் தைத்தவர் பக்கத்து அறையில் இருப்பதாகவும் எழுதுகிறீர்கள். துணியை இரண்டாக மடித்து, மடிப்பின்மீது அளவு வைத்து வெட்டினால் விரிக்கும்போது இரு பக்கமும் ஒன்றாக வரும். மடிப்பு முழுவதையும் வெட்டிவிட்டால் துணி இரண்டு துண்டாகிவிடும். தையல் பழகுகிறவர்கள் தொடக்கத்திலேயே கற்கும் பாடம் இது. காகிதப் பனிப்பூவின் சூத்திரமும் இதுவேதான். உங்கள் மகளின் பூ பிரிந்து விழுந்ததற்குக் காரணம், ஒரு மடிப்பிலிருந்து எதிர் மடிப்புவரை கத்தரிக்கோல் குறுக்கே போய்விட்டது என்பதாகவே பெரும்பாலும் இருக்கும். கதவுக்குப் பின்னால் இருந்தவர் அதை ஒரு பார்வையில் கண்டு, ‘இங்கே கொஞ்சம் விட்டு வெட்டு, கண்ணு’ என்று சொல்லியிருப்பார்.

கத்தரிக்கோல் ஆபத்தாயிற்றே என்று இப்போது நீங்கள் சொல்லக்கூடும். கடிதத்தில் நீங்கள் அப்படி எழுதவில்லை; காகிதம் வீணாகும் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஒரு தாள் காகிதத்தை ஒரு தட்டிலும் பெற்றவளை மறு தட்டிலும் வைத்து, காகிதத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள். பெற்றவரைக் கூட வைத்துக்கொண்டு வேளைக்கு உணவும் மருந்தும் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்துவிட்டது என்று நினைக்கும் பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். அதை நான் பாதிக் கடமை என்றுகூட ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டில் ஒரு வேலை நடக்கும்போது அதில் அவருக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும். அவர் சொல்லும் ஒரு சொல்லாவது அங்கே செல்ல வேண்டும். ‘நான் வெட்டித் தருகிறேன்’ என்று அவர் கேட்டது அந்தப் பங்கைத்தான்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அவருடைய நடுக்கத்தை மருத்துவரிடம் காட்டியிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நடுக்கம் எல்லாம் ஒரே வகை அன்று. கை சும்மா இருக்கும்போது நடுங்கி, வேலையில் இறங்கும்போது குறையும் நடுக்கம் பார்க்கின்சன் நோயில் பெரும்பாலும் காணப்படுவது. எழுதும்போதும் குவளையைத் தூக்கும்போதும் கூடுகிற நடுக்கம் வேறு வகை. தைராய்டு மிகையாகச் சுரப்பதாலும் சில மருந்துகளாலும்கூடக் கை நடுங்கும். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.

இனி நீங்கள் கேட்ட வேலைகளுக்கு வருகிறேன். முதல் சில நாள்களுக்குக் கத்தரிக்கோலையே எடுக்காதீர்கள். கருநீல நிறத்திலோ கறுப்பிலோ ஒரு பெரிய தாளை மேசைமீது விரித்து, வெள்ளைக் காகிதத்தைக் கையால் கிழித்து ஒட்டிப் பனி படர்ந்த மேடுகளை உருவாக்குங்கள். வெட்டிய விளிம்பு கத்திபோல் இருக்கும். கிழித்த விளிம்பில்தான் பனியின் மென்மை வரும். கை நடுங்க நடுங்க அந்த விளிம்பு இன்னும் அழகாகும். உங்கள் வீட்டில் இந்த வேலைக்கு மிகவும் பொருத்தமான கை யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை. துணிக்கு ஊடும் பாவும் இருப்பதுபோல இயந்திரத்தில் செய்த காகிதத்துக்கும் ஒரு வாட்டம் உண்டு. அதன் போக்கில் கிழித்தால் ஓரளவு நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணலாகும். ஒரு செய்தித்தாளை மேலிருந்து கீழாகவும் பிறகு பக்கவாட்டிலும் கிழித்துப் பார்த்தால் குழந்தைகளுக்கே புரிந்துவிடும். இந்த ஒப்பீட்டை உங்கள் அம்மாவே அவர்களுக்குச் சொல்லட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

மகனுக்கு நான்கு வயது. பத்து நிமிடம் உட்கார்ந்தான் என்றால் அவன் வயதுக்கு அது நீண்ட நேரம். அவனிடம் முழுத் தாளையும் கோடு போட்டுக் கொடுத்து வெட்டச் சொல்வதுதான் தவறு. இரண்டு சென்டிமீட்டர் அகலப் பட்டைகளையும் முனை மழுங்கிய சிறிய கத்தரிக்கோலையும் கொடுத்தால், ஒரே வெட்டில் ஒரு துண்டு விழும். விழுகிற துண்டெல்லாம் அந்தக் கருநீலத் தாளில் பெய்யும் பனியாகட்டும். எழுந்து ஓடினால் ஓடட்டும். திரும்பி வருவதற்கு மேசையில் வேலை நடந்துகொண்டிருந்தால் போதும்.

அடுத்து பனிப்பூ. உங்கள் மகளுக்குக் கைவராமல் போனதற்கு மடிப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். பரவலாகச் சொல்லித்தரும் முறையில் சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து, மீண்டும் பாதியாக்கி, அதை மூன்றாக மடிப்பார்கள். அப்போது 12 அடுக்கு சேர்ந்துவிடும். சாதாரண A4 தாளில் அது ஒரு மில்லிமீட்டருக்குமேல் தடிமனாகிவிடுவதால், ஆறு வயது விரல்களால் சீராக அழுத்தி வெட்ட முடியாது. அதற்குப் பதிலாக, ஒரு தட்டைக் கவிழ்த்து மெல்லிய காகிதத்தில் வட்டம் வரைந்து வெட்டி, அதைப் பாதியாக மடித்து, அந்த அரைவட்டத்தை மூன்று சம பாகமாக மடியுங்கள். ஆறு அடுக்குதான் இருக்கும். இரண்டு மடிப்போரங்களிலும் வெளி வளைவிலும் சிறுசிறு முக்கோணங்களாக வெட்ட வேண்டும். ஓர் ஓரத்து வெட்டுக்கும் எதிர் ஓரத்து வெட்டுக்கும் இடையில் ஒரு விரல் அகலம் வெட்டாமல் விட வேண்டும். இரு ஓரங்களையும் ஒரே மாதிரி வெட்டினால் விரிக்கும்போது ஆறு கைகளும் ஒத்திருக்கும். அரைவட்டத்தை மூன்றாகப் பகுப்பது கண்ணளவு வேலை. அந்தக் கண் உங்கள் அம்மாவுக்கு இருக்கிறது. அவர் மடித்துக் கொடுக்கட்டும், எங்கே வெட்ட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டட்டும், மகள் வெட்டட்டும். முன்கையை மேசைமீது முழுவதுமாகப் பதித்துக்கொண்டால் பலருக்கு நடுக்கம் சற்று அடங்கும். மடிப்பைத் தேய்க்கக் கரண்டியின் பின்புறத்தைக் கொடுங்கள்.

தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்து எட்டுக் கை வைக்கும் பனிப்பூக்களை எங்கும் பார்க்கிறேன். தயவுசெய்து அதைப் பழக்காதீர்கள். நீரின் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோண அமைப்பில் அடுக்கப்படுவதால்தான் உண்மையான பனிப்படிகம் ஆறு கைகளோடு வளர்கிறது. அது ஏன் எப்போதும் ஆறு என்று வியந்து, வானியலாளர் யோஹன்னஸ் கெப்ளர் 1611-இல் தனியாக ஒரு சிறு நூலே எழுதினார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த வில்சன் பென்ட்லி என்ற விவசாயி, 1885 ஜனவரி 15 அன்று ஒற்றைப் பனிப்படிகத்தை நுண்ணோக்கி வழியாகப் படமெடுத்து, பின்னர் வாழ்நாளில் 5000-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். 15 வயதில் அவருக்குக் கிடைத்த நுண்ணோக்கி, முன்பு ஆசிரியையாக இருந்த அவருடைய தாய் பயன்படுத்தியது. உங்கள் வீட்டிலும் ஒரு தாய் தன் தொழிலில் கண்டதைக் கொடுக்கக் காத்திருக்கிறார் என்பதால் இதை எழுதுகிறேன்.

காகிதச் சங்கிலி எல்லோருக்கும் தெரிந்ததுதான். A4 தாளை மூன்று சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாகக் குறுக்கே வெட்டினால் 21 சென்டிமீட்டர் நீளத்தில் ஒன்பது பட்டைகள் கிடைக்கும். வளையமாக ஒட்டிய இடத்தைப் பசை பிடிக்கும்வரை மேசைமீது அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த வேலை பாட்டிக்கு, பத்துவரை எண்ணுவது பேரனுக்கு. வளையம் கோணலாக இருந்தால், குழந்தைகள் தூங்கிய பிறகு பிரித்துச் சரிசெய்து ஒட்டாதீர்கள். எல்லாவற்றையும் முன்கூட்டியே தயார் செய்துவைக்கும் உங்கள் குணத்தைப் பார்த்தால் அதையும் செய்பவராகவே தெரிகிறீர்கள்.

மகளுக்கென்று ஒரு வேலையைக் கடைசியாகச் சொல்கிறேன். பாட்டி தன் உள்ளங்கையைக் கெட்டித் தாளின்மீது வைக்க, பேத்தி பென்சிலால் அதைச் சுற்றிக் கையுறை வடிவில் வரையட்டும். கட்டைவிரலுக்குத் தனி இடம், மற்ற நான்கும் சேர்ந்து ஒன்று. பிறகு பேத்தியின் கையைப் பாட்டி வரையட்டும். கோடு நடுங்கும். நடுங்கிய கோட்டின் மீதே அவள் வெட்டட்டும். அதை நேராக்கித் தருகிறேன் என்று நீங்கள் கையை நீட்டாதீர்கள். இரண்டிலும் நிறம் தீட்டி, மணிக்கட்டுப் பக்கம் துளையிட்டு ஒரே நூலில் கோக்கச் சொல்லுங்கள்.

இவற்றைத் தொடங்குவதற்கு முன், குழந்தைகள் இல்லாத நேரம் பார்த்து நீங்கள் தனியாகப் போய் உங்கள் அம்மாவிடம் செய்தது தவறு என்று சொல்லிவிடுங்கள். பிறகு மாலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து அவரை அழைத்துவர உங்கள் மகளை அனுப்புங்கள். சாத்திய கைதான் திறக்க வேண்டும். இத்தனை நாள் சாத்தப்பட்டிருந்த கதவு, அதனால் அவர் உடனே எழுந்து வந்துவிட மாட்டார். எனக்கு எதற்கு, நீங்கள் செய்யுங்கள் என்பார். அப்படிச் சொன்னால், தாளையும் பசையையும் எடுத்துக்கொண்டு நீங்கள் மூவரும் அவருடைய அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள்.