ஐஸ் ஹாக்கி கேள்வி-பதில்: சாதனைப் பட்டியலை எப்படிப் படிப்பது?

கேள்வி: ஹெர்ஷி பேர்ஸ் அணி 2009-10இல் 123 புள்ளி எடுத்தது, 2023-24இல் 111தான். பிறகு எப்படி இரண்டாவதைச் சிலர் உயர்வாகச் சொல்கிறார்கள்?

பதில்: இந்த அணி ஆடும் அமெரிக்கன் ஹாக்கி லீகில் 2009-10இல் ஓர் அணிக்கு 80 ஆட்டம், 2023-24இல் 72. மொத்தப் புள்ளியை அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தப்பும். பட்டியலில் 2009-10இன் வரி 60-17-0-3. அதாவது வெற்றி, வழக்கமான நேரத்தில் தோல்வி, ஓவர்டைம் (சமநிலையானால் தரும் கூடுதல் நேரம்) தோல்வி, ஷூட்அவுட் (அதிலும் முடிவு வராவிட்டால் வீரர்கள் ஒவ்வொருவராகக் கோல்கீப்பரை எதிர்த்து அடிப்பது) தோல்வி. வெற்றிக்கு 2 புள்ளி. கடைசி இரண்டு வகைத் தோல்விக்கும் தலா 1. கிடைக்கக்கூடிய 160 புள்ளியில் 123, விகிதம் 0.769. 2023-24இன் வரி 53-14-0-5. அது 144இல் 111, விகிதம் 0.771. மயிரிழையில் இதுதான் மேல்.

ஆனால் வெற்றிகளை மட்டும் வகுத்துப் பாருங்கள்: 60/80 என்பது 0.750, 53/72 என்பது 0.736. ஷூட்அவுட்டில் தோற்றுக் கிடைத்த 5 புள்ளிதான் தராசைச் சாய்த்திருக்கிறது. அதனால் என் ஓட்டு 2009-10க்கே. இரண்டு முறையும் லீகின் சாம்பியனுக்குத் தரும் கால்டர் கோப்பை இவர்களுக்குத்தான்! லீக் அளவில் பார்த்தால் இரண்டையும் மிஞ்சிய அணி உண்டு: 1992-93இல் பிங்காம்டன் ரேஞ்சர்ஸ் 57 வெற்றி, 13 தோல்வி, 10 சமநிலையுடன் 124 புள்ளி எடுத்தது, விகிதம் 0.775. அன்று ஷூட்அவுட் கிடையாது, ஆட்டம் சமநிலையில் முடியலாம்.

கேள்வி: ஷூட்அவுட் கோல் வீரர் கணக்கில் ஏறுமா?

பதில்: ஏறாது. ஹெர்ஷிக்காக அலெக்சாண்டர் ஜிரூ 2008-09இல் அடித்த 60 கோலும் ஆட்ட நேரத்தில் விழுந்தவை. ஷூட்அவுட்டில் வென்ற அணியின் ஸ்கோரில் மட்டும் ஒரு கோல் கூடும். வீரர்களின் கோல்களைக் கூட்டினால் அணியின் மொத்தத்தோடு இடிப்பது இதனால்தான்.

கேள்வி: கோல்கீப்பரின் இரண்டு பருவச் சராசரியை (60 நிமிட ஆட்டத்துக்கு விட்ட கோல்) கூட்டி இரண்டால் வகுக்கலாமா?

பதில்: கூடாது. விட்ட கோல்களை 60ஆல் பெருக்கி, ஆடிய நிமிடங்களால் வகுப்பதே சராசரி. ஒருவர் 600 நிமிடத்தில் 30 கோல் விட்டால் 3.00, அடுத்த பருவம் 1,800 நிமிடத்தில் 60 என்றால் 2.00. உங்கள் வழியில் 2.50 வரும். சரியான விடை 90×60/2,400, அதாவது 2.25. அவர் வெளியேறிக் காலியாக இருந்த வலைக்குள் விழுந்த கோலைச் சேர்க்காதீர்கள். பிளே-ஆஃப் (லீக் ஆட்டங்களுக்குப் பிந்தைய கோப்பைச் சுற்று) ஆட்டங்களுக்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டும்.