டைல் போட்டால் போதாதா, வாட்டர் புரூஃபிங் தனியாக வேண்டுமா?

ஹட்டனில் பழைய வீட்டைத் திருத்தும்போது பாத்ரூமுக்கு டைல் மட்டும் போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. டைல் தண்ணீரை விடாவிட்டாலும் இடையில் இருக்கிற கிரவுட் (டைல் இடைவெளியை நிரப்பும் சாந்து) வழியாக ஈரம் இறங்கும், அதைத் தடுப்பது அடியில் பூசும் வாட்டர் புரூஃப் பூச்சுதான். முதலில் தரையைத் தண்ணீர் போகும் பக்கம் மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் சரித்து, மூலைகளிலும் குழாய்களைச் சுற்றியும் வாட்டர் புரூஃப் நாடா ஒட்டி, அப்புறம் இரண்டு கோட் பூச வேண்டும், இரண்டாவது முதலாவதுக்குக் குறுக்காக. ஷவர் பக்கச் சுவரில் பூச்சை 6 அடி வரை ஏற்றுங்கள். நம்ம மலைநாட்டுக் குளிரிலும் பனிமூட்டத்திலும் பூச்சு மெதுவாகத்தான் காயும், மேசன் பாஸ் அவசரப்படுத்தினாலும் தயவுசெய்து விடாதீர்கள். நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் போகும் வாயை அடைத்து 24 மணி நேரம் தேக்கிப் பாருங்கள். மட்டம் இறங்காமல், வெளிச்சுவரில் ஈரம் தெரியாமல் இருந்தால் மட்டும் டைல் ஒட்டச் சொல்லுங்கள்.