கர்ப்ப காலத்தில் தாடை வலி: இரவில் பல்லைக் கடிப்பது குழந்தையைப் பாதிக்குமா?

கேள்வி: எனக்கு 28 வயது. முதல் குழந்தை, ஆறாம் மாதம் நடக்கிறது. ஒரு மாதமாகக் காலையில் எழும்போதே தாடை இறுகிப்போய் இருக்கிறது. இட்லியை மெல்லக்கூட வலிக்கிறது. கொட்டாவி விட்டால் வலது காதுக்கு முன்னால் ‘டக்’கென்று சத்தம் கேட்கிறது. தூக்கத்தில் நான் பல்லை நறநறவென்று கடிப்பதாகக் கணவர் சொல்கிறார். வயிற்றில் பூச்சி இருந்தால்தான் அப்படிக் கடிப்பார்கள் என்கிறார் மாமியார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை இரண்டு நாள் போட்டேன், வலி குறைந்தது. அதையே தொடரலாமா? குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: அந்த மாத்திரையை இன்றே நிறுத்திவிடுங்கள். பிறகு அதன் அட்டையைத் திருப்பி, என்ன மருந்து என்று படித்துப் பாருங்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபென் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அது உங்களுக்கானது அல்ல. 20 வாரத்துக்குப் பிறகு இந்த வகை மருந்துகள் குழந்தையின் சிறுநீரக வேலையைக் குறைத்து, பனிக்குட நீரைக் குறையச் செய்யக்கூடும். கடைசி மூன்று மாதங்களில், குழந்தையின் இதயத்தருகே பிறக்கும் வரை திறந்திருக்க வேண்டிய ஒரு ரத்தக்குழாய் முன்கூட்டியே சுருங்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. தசையைத் தளர்த்தும் மருந்தையும் சேர்த்து ஒரே மாத்திரையாக விற்பது நம் கடைகளில் சாதாரணம், அதுவும் வேண்டாம். மேலே தடவும் ஜெல்தானே என்று டைக்ளோஃபெனாக் ஜெல்லையும் தேய்க்காதீர்கள்.

இரண்டு நாள் போட்டுவிட்டோமே என்று பதற வேண்டாம். அதே சமயம், திட்டுவார்களோ என்று மறைக்கவும் வேண்டாம். அடுத்த பரிசோதனையில் அட்டையை மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் ஸ்கேனில் நீர் அளவைப் பார்த்துக்கொள்வார். வலி தாங்கவில்லை என்றால் வேறு எதுவும் கலக்காத பாராசிட்டமாலை, அவர் சொல்லும் அளவில், சில நாள்களுக்கு மட்டும் போடலாம்.

இனி உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கு வருகிறேன். பல்லைக் கடிப்பதால் குழந்தைக்கு எந்தக் கெடுதலும் இல்லை. நிசப்தமான இரவில் அந்தச் சத்தம் கேட்பவரைக் கலங்கடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த அழுத்தமெல்லாம் உங்கள் பற்களோடும் தாடைத் தசைகளோடும் முடிந்துவிடுகிறது.

ஆள்காட்டி விரலைக் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்து, வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் உருண்டு நகர்வதுதான் தாடை மூட்டு. எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல ஒரு சிறு தட்டு இருக்கிறது. அது இடம் நழுவித் திரும்பப் பொருந்தும்போதுதான் ‘டக்’ சத்தம் வருகிறது. வலியில்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியமே தேவையில்லை. இப்போது விரல்களைக் கன்னத்தின் பின்பகுதிக்குக் கொண்டுவந்து பல்லைக் கடியுங்கள். கட்டியாக ஒன்று எழும்புகிறதல்லவா? அதுதான் மெல்லும் தசை. அழுத்தினால் அங்கே வலித்தால், உங்கள் தொந்தரவில் பெரும்பங்கு மூட்டைவிடத் தசையில்தான் இருக்கிறது என்று கொள்ளலாம். அதற்காக மகிழ்ச்சி அடையுங்கள். தசை வலி தணியக்கூடியது.

கர்ப்பத்தில் இது ஏன் தலைதூக்குகிறது என்றால், ஒற்றைக் காரணம் கிடையாது. பிரசவத்துக்காக இடுப்பைத் தளர்த்தும் ஹார்மோன்கள் மற்ற மூட்டுகளின் தசைநார்களையும் கொஞ்சம் இளக்குகின்றன. மசக்கை வாந்தியில் வாய் அளவுக்கு மீறித் திறப்பதும் தாடையை வருத்தும். பலருக்கு மூக்கு அடைத்துக்கொண்டு குறட்டை தொடங்குகிறது. நெஞ்செரிச்சலாலும் சிறுநீர் கழிக்க எழுவதாலும் தூக்கம் துண்டு துண்டாகிறது. பல் நறநறப்பு பெரும்பாலும் அப்படித் தூக்கம் மேலோட்டமாகும் நேரத்தில்தான் வருகிறது. மனக்கவலையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் பல்லைக் கடிக்க வைக்கும். அப்படி ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்திவிடாமல், எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். தலைமுறைகளாக நம் வீடுகளில் சொல்லிவரும் விஷயம் அது. ஆனால் பூச்சிக்கும் பல் கடிப்பதற்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. அரசு சுகாதார நிலையங்களில் நான்காவது மாதத்துக்கு மேல் ஒருமுறை பூச்சி மாத்திரை தருகிறார்கள். அது ரத்தசோகையைத் தடுப்பதற்காக. அவர்கள் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், பல் கடிப்பதற்கு என்று கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

ரத்தசோகை என்றதும் நினைவுக்கு வருகிறது: ரகசியமாகப் பச்சரிசி மெல்கிறீர்களா? தாடை வலி என்று வரும் கர்ப்பிணிகள் எல்லோரிடமும் இதைக் கேட்பேன். பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒருவர் கைப்பையில் சிறு டப்பா நிறைய அரிசி வைத்திருந்தார். அலுவலகத்தில் நாள் முழுக்க ஒரு கை, இரண்டு கை என்று மென்றிருக்கிறார். கடைவாய்ப்பல் ஒன்றின் முனை உடைந்தே போயிருந்தது. ஐஸ் கட்டியைக் கடிப்பவர்களும் உண்டு. இது வெட்கப்பட வேண்டிய பழக்கமே அல்ல. உடலில் இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு இந்த ஆசை வருவது நன்கு அறியப்பட்டது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் கர்ப்பிணிக்கு ரத்தசோகை என்று பொருள். இரும்புச்சத்து ஏறியதும் பெரும்பாலும் இந்த ஆசையும் போய்விடும், தாடைக்கும் ஓய்வு கிடைக்கும்.

இரவில் கடிப்பது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. பகல் இருக்கிறது. என் அனுபவத்தில் இந்த வலியின் கணிசமான பங்கு பகலில்தான் உருவாகிறது. பஸ்ஸுக்கு நிற்கும்போதும், கணினியைப் பார்க்கும்போதும், கோபத்தை அடக்கும்போதும் நாம் அறியாமலே மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொள்கின்றன. ‘பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்’ என்று நம் பெண்களுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்க்கிறோம்; பலர் அதை எழுத்துக்கு எழுத்து செய்துகொண்டிருக்கிறார்கள். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. ஒரு நாளைக்கு எல்லாம் கூட்டினாலும் அது அரை மணி நேரத்தைத் தாண்டாது.

உதடு மூடியிருக்கட்டும், பற்கள் விலகியிருக்கட்டும், நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் மெல்லத் தொட்டபடி இருக்கட்டும். ‘ந’ என்று சொல்லத் தொடங்கும்போது நாக்கு போய் நிற்கும் இடத்துக்கு அருகில்தான். என்னிடம் வந்த ஒரு வங்கி ஊழியர், ஏழாம் மாதம், கணினித் திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டிவைத்தார். பொட்டு கண்ணில் படும்போதெல்லாம் பற்களைப் பிரித்துவிடுவார், தோளையும் தளர்த்திவிடுவார். மூன்று வாரம் கழித்து வந்தபோது மெல்லும் தசையை அழுத்திப் பார்த்தேன். முதல்முறை நாற்காலியிலிருந்து துள்ளியவர் அன்று சிரித்துக்கொண்டிருந்தார். வேறு மருந்து எதுவும் தரவில்லை. நீங்களும் அடுப்படியிலும் கைப்பேசியிலும் ஒரு பொட்டை ஒட்டுங்கள்.

காலையிலும் படுக்கும் முன்னும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் இரு கன்னங்களிலும் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். தோல் பொறுக்கும் சூடு போதும். பிறகு விரல் நுனிகளால் அந்தத் தசையை வட்டமாக இதமாகத் தேய்த்துவிடலாம். கொட்டாவி வரும்போது முகவாய்க்குக் கீழே முஷ்டியை முட்டுக்கொடுங்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது கையைக் கன்னத்துக்கு அடியில் வைக்காதீர்கள். அந்தக் கைக்கு ஒரு தலையணையைக் கட்டிக்கொள்ளக் கொடுங்கள்.

வளைகாப்புக்கு வீட்டுக்கு வீடு முறுக்கும் சீடையும் தட்டையும் வரும். ஆசையாகக் கொண்டுவருபவர்களை மறுக்க முடியாது, தெரியும். வாங்கி வையுங்கள், வலி அடங்கிய பிறகு சாப்பிடுங்கள். அதுவரை குழைந்த சாதம், பொங்கல், இடியாப்பம், ஆப்பம், அவித்த காய், மசித்த பருப்பு போதும். கரும்பு, சூயிங்கம் இரண்டும் அறவே வேண்டாம்.

வாந்தி இன்னும் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். வயிற்று அமிலம் பட்ட எனாமல் சற்று நேரம் மென்மையாகிவிடும். அந்த நிலையில் பிரஷ் போட்டாலும் பல்லை உரசினாலும் வேகமாகத் தேயும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவைக் கலந்து கொப்பளித்துத் துப்பிவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் பல் துலக்குங்கள். இரவில் புளித்து எதுக்களிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இரவில் மாட்டிக்கொள்ளும் பல் உறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது நறநறப்பை நிறுத்துவதில்லை. பல் தேயாமல் காக்கும், சிலருக்கு வலியையும் குறைக்கும். கர்ப்பத்தில் அணிவதில் தவறில்லை. ஆனால் ஆன்லைனில் வாங்கி வெந்நீரில் போட்டு வாயில் பொருத்திக்கொள்ளும் மெத்தென்ற உறைகளை நான் பரிந்துரைப்பதில்லை. சிலர் அவற்றை இன்னும் பலமாகக் கடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்வதே சரி. குமட்டல் அதிகமிருந்தால் அளவெடுப்பதே பெரும்பாடாகிவிடும். அப்படியானால் பிரசவத்துக்குப் பிறகு செய்துகொள்ளலாம். கர்ப்பிணி பல் மருத்துவரிடமே போகக்கூடாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாற்காலியில் மல்லாக்கச் சாய்க்காமல், வலது இடுப்புக்கு அடியில் சிறு தலையணை வைத்து இடப்பக்கம் சரிந்தாற்போல் படுக்க வைக்கச் சொன்னால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கவே கூடாது. தாடைத் தசை வலி நெற்றிப் பொட்டுக்கு ஏறுவது வழக்கம்தான். ஆனால் 20 வாரத்துக்குப் பிறகு வரும் கடுமையான தலைவலியைத் தாடை வலி என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். கண் மங்கல், கண்ணில் பூச்சி பறத்தல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குச் சென்று ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது தாடை விவகாரம் அல்ல, கர்ப்பகால உயர் ரத்த அழுத்தமாக இருக்கலாம். நெஞ்சிலோ இடது கையிலோ வலியோடு வரும் தாடை வலிக்கும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கொட்டாவியில் திறந்த வாய் மூட மறுத்தால் வீட்டில் யாரும் அழுத்திப் பார்க்கக் கூடாது, மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

பலருக்குக் கடைசி மாதங்களில் இந்த வலி தானாகவே தணிகிறது. சிலருக்குப் பிரசவத்துக்குப் பின், தூக்கமில்லாத வாரங்களில், திரும்பி வருகிறது. அதற்குள் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் நிமிர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு இடையே வைத்துப் பாருங்கள். வலியில்லாமல் மூன்றும் நுழைந்தால் வாய் சரியாகத் திறக்கிறது. இரண்டுதான் நுழைகிறது என்றால் பல் மருத்துவரிடம் காட்டுவதோடு, பிரசவத்துக்குச் சேரும் அன்றே மயக்க மருந்து நிபுணரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். சிசேரியனுக்குப் பெரும்பாலும் முதுகில்தான் ஊசி போடுவார்கள். அவசரத்தில் முழு மயக்கம் கொடுக்க நேர்ந்தால் வாய் வழியாகக் குழாய் செலுத்த வேண்டும். உங்கள் தாடை எவ்வளவு திறக்கும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.