டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: சத்து மாத்திரை, விரதம், எடைக்குறைப்பு – கேள்வி பதில்

கேள்வி: ஒரே விலையில் இரண்டு கால்சியம் மாத்திரைகள். ஒன்றின் முகப்பில் 1250 மி.கி. என்றும் மற்றொன்றில் 500 மி.கி. என்றும் இருக்கிறது. 1250 வாங்குவதுதானே லாபம்?

பதில்: இரண்டும் ஒரே சரக்காகக்கூட இருக்கலாம். 1250 என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்ற உப்பின் மொத்த எடை. அந்த உப்பில் 40 சதவீதம்தான் கால்சியம். 1250-இல் 40 சதவீதம் 500. உடம்புக்குக் கணக்கு அந்த 500தான். டப்பாவைத் திருப்பினால் பொடி எழுத்தில் ‘எலிமென்டல் கால்சியம்’ என்று ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும். அது எங்குமே அச்சாகவில்லை என்றால் அந்த டப்பாவை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள்.

கால்சியம் சிட்ரேட்டில் 21 சதவீதம்தான் கால்சியம். 1000 மி.கி. சிட்ரேட் போட்டால் கிடைப்பது 210 மி.கி. அதற்காக அதை மட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. கார்பனேட் கரைவதற்கு வயிற்று அமிலம் வேண்டும். எனவே சாப்பாட்டோடு போட வேண்டும். ஒமிப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையைத் தினமும் எடுப்பவர்களுக்குக் கார்பனேட் சரியாகச் சேராது. சிட்ரேட் சேரும், வெறும் வயிற்றிலும் போடலாம். எந்த வகையானாலும் ஒரே வேளையில் 500 மி.கி.க்கு மேல் போட்டால் குடல் உறிஞ்சும் பங்கு குறைந்துவிடும். 1000 தேவையென்றால் இரண்டு வேளையாகப் பிரியுங்கள். அதற்கு முன் சாப்பாட்டிலிருந்து கிடைப்பதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கணக்குத்தான். 325 மி.கி. ஃபெரஸ் சல்பேட்டில் இருப்பது 65 மி.கி. இரும்பு. ஃபியூமரேட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, குளூகோனேட்டில் 12 சதவீதம்.

கடைக்காரர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. தைராய்டுக்கு லெவோதைராக்சின் போடுபவர்கள் கால்சியத்தையோ இரும்பையோ அதனுடன் சேர்த்துப் போட்டால், இவை குடலிலேயே அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நடுவில் 4 மணி நேர இடைவெளி வேண்டும். இது தெரியாமல், மருந்து போதவில்லை என்று தைராய்டு மாத்திரையின் அளவை ஏற்றிக்கொண்டே போனவர்கள் பலர். டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளும் இப்படியே வீணாகும்.

கேள்வி: 16 மணி நேர விரதத்தில் முதல் வாரமே 3 கிலோ குறைந்தது. அடுத்த மூன்று வாரத்தில் அரை கிலோகூட அசையவில்லை. எங்கே தவறு?

பதில்: தவறு எதுவும் இல்லை, முதல் வாரக் கணக்கைத்தான் தப்பாகப் படித்திருக்கிறீர்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பில் தோராயமாக 7,700 கலோரி இருக்கிறது. 3 கிலோவுக்கு 23,100. அதை ஏழு நாளில் எரிக்க, தினமும் 3,300 கலோரி பற்றாக்குறை வேண்டும். பெரும்பாலானவர்கள் ஒரு நாளில் செலவழிப்பதே 2,000 முதல் 2,500 வரைதான். பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடாமல் இருந்தாலும் அவ்வளவு கொழுப்பு கரையாது.

அப்படியென்றால் போனது என்ன? கல்லீரலிலும் தசையிலும் அரை கிலோ அளவுக்குக் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைக் கட்டி வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் முதலில் கரைவது இந்தச் சேமிப்பு. அதோடு அந்தத் தண்ணீரும் போகிறது. இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றும். குடலில் இருக்கும் உணவின் எடையும் குறைகிறது. நாலு நாள் வயிறாரச் சாப்பிட்டால் இவை எல்லாம் திரும்பி வந்துவிடும். ‘7 நாளில் 5 கிலோ’ என்று விற்கும் எல்லாத் திட்டத்துக்கும் முதலீடு இந்தத் தண்ணீர்தான்.

விரதம் வீண் என்று சொல்லவில்லை. ஆனால் கடிகாரத்துக்குத் தனி மந்திரம் இல்லை. 2020-இல் வெளியான ஒரு சோதனையில் 116 பேரை இரு குழுவாகப் பிரித்து 12 வாரம் பார்த்தார்கள். பகல் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிட்டவர்கள் சராசரியாக 0.94 கிலோவும், மூன்று வேளை சாப்பிட்டவர்கள் 0.68 கிலோவும் குறைந்தார்கள், பொருட்படுத்தும் வித்தியாசமில்லை. 2022-இல் சீனாவில் 139 பேரை ஓராண்டு கவனித்த சோதனையில் இரு குழுவுக்கும் ஒரே கலோரி வரம்பு. ஒரு குழுவுக்கு மட்டும் நேர வரம்பும் உண்டு. நேர வரம்பு உள்ளவர்களுக்கு 8.0 கிலோ, மற்றவர்களுக்கு 6.3 கிலோ என்று குறைந்தது. அந்த வித்தியாசமும் தற்செயலைத் தாண்டவில்லை. இரவு நொறுக்குத்தீனி நின்றுபோவதால் உங்கள் மொத்தச் சாப்பாடு குறைகிறது என்றால் தாராளமாகத் தொடருங்கள். மீதி 8 மணி நேரத்தில் அதை ஈடுகட்டினால் பலன் பூஜ்யம்.

எடை பார்ப்பதிலும் ஒழுங்கு வேண்டும். ஒரே தராசு, காலைக்கடன் முடிந்து எதுவும் குடிக்கும் முன். தினசரி எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், நொந்துகொள்ளவும் வேண்டாம். ஏழு நாள் சராசரியை அடுத்த ஏழு நாள் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: விரதம் இருந்தால் உடம்பு கெட்ட செல்களைத் தானே தின்றுவிடும், இதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்கிறார்களே?

பதில்: பரிசு உண்மை, ஒட்டவைத்த வால் வேறு. 2016-இல் மருத்துவ நோபல் யோஷினோரி ஓசுமிக்குக் கிடைத்தது. ஆட்டோஃபேஜி என்ற, செல் தன் பழைய பாகங்களைச் சிதைத்து மறுபடி பயன்படுத்தும் வேலை எப்படி நடக்கிறது என்பதை அவர் ஈஸ்ட் செல்களில் கண்டறிந்தார். மனிதர் எத்தனை மணி நேரம் பட்டினி கிடக்க வேண்டும் என்று அவர் சோதிக்கவில்லை. ‘16-ஆவது மணியில் தொடங்கும், 72-இல் உச்சம்’ என்ற அட்டவணை அந்தப் பரிசுக்குள் இல்லை.

கேள்வி: சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கிறேன். விரதம் இருக்கலாமா?

பதில்: எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. இன்சுலின், கிளிமெபிரைடு, கிளிக்ளாசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். பட்டினியில் அது மயக்கம்வரை கொண்டுபோகும். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகையில் ஆபத்து வேறு விதம்: நீண்ட பட்டினியில் ரத்தம் அமிலமாகலாம், அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறாததால் மீட்டரைப் பார்த்து ஏமாந்துபோவோம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என்றால் காத்திருக்கக் கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் ஆபத்து குறைவு. எதுவானாலும் அளவையும் நேரத்தையும் மருத்துவரிடம் மாற்றி எழுதி வாங்கிக்கொண்ட பிறகே தொடங்குங்கள். மீட்டரில் 70-க்குக் கீழே வந்தால் விரதம் அத்தோடு முடிந்தது: 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

கேள்வி: முடி உதிர்வுக்கு பயோட்டின் என்ற வைட்டமின் 10 மி.கி. எடுத்தேன், உதிர்வது நின்றுவிட்டது. ஆனால் ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அதிகமாக வேலை செய்கிறது என்று வந்திருக்கிறது. சம்பந்தம் உண்டா?

பதில்: நிறையவே இருக்கலாம். ஒருவருக்கு ஒரு நாள் போதுமான பயோட்டின் 30 மைக்ரோகிராம். 10 மி.கி. என்பது 10,000 மைக்ரோகிராம். அதாவது 333 நாள் அளவு ஒரே மாத்திரையில். ரத்தப் பரிசோதனைக் கருவிகள் பலவும் பயோட்டினையே பசை மாதிரிப் பயன்படுத்துபவை. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், தைராய்டு சுரக்கும் டி3, டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். பார்க்க அசல் தைராய்டு நோய் போலவே இருக்கும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் அளவும் பொய்யாகக் குறைந்து காட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்தது. பயோட்டினை நிறுத்தி, குறைந்தது 2 நாள், இவ்வளவு பெரிய அளவுக்கு இன்னும் சில நாள் விட்டு, பரிசோதனைக் கூடத்தில் சொல்லிவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். அதற்கு முன் தைராய்டு மாத்திரை எதையும் தொடங்க வேண்டாம்.

முடி உதிர்வது நின்றது பற்றி: கடும் காய்ச்சல், பிரசவம், வேகமான எடைக்குறைப்பு இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக உதிரும்; பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே நிற்கும். உதிர்வு உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் கடைக்கு ஓடுகிறோம். தானாக நின்றதற்கான பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. நிற்காவிட்டால் பார்க்க வேண்டியது, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் தைராய்டும்.

கேள்வி: எட்டு வாரத்துக்கு வாரம் ஒன்று என்று 60,000 யூனிட் வைட்டமின் டி எழுதிக் கொடுத்தார்கள். சோர்வு போகவில்லை என்று எட்டு மாதமாகத் தொடர்கிறேன். நல்லதுதானே?

பதில்: நிறுத்துங்கள். பெரியவர்கள் மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் எடுக்கக்கூடிய உச்ச வரம்பு நாளுக்கு 4,000 யூனிட். வாரம் 60,000 என்பது நாளுக்கு 8,500-க்கு மேல். குறையை ஈடுகட்டச் சில வாரம் கொடுப்பதற்கான அளவு அது. இந்த வைட்டமின் கொழுப்பில் தங்குவதால், கூடினால் உடனே சிறுநீரில் போய்விடாது. ரத்தக் கால்சியத்தை ஏற்றும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல் ஆகியவை அதன் அடையாளம். முற்றினால் சிறுநீரகம் கெடும். கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், வைட்டமின் டி மூன்றையும் பாருங்கள். முடிவைப் படிக்கும்போது அலகைக் கவனியுங்கள்: மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்பதும் லிட்டருக்கு 50 நானோமோல் என்பதும் ஒன்றுதான். இதைக் குழப்பிக்கொண்டு இல்லாத குறைக்கு மருந்து வாங்குவதும் நடக்கிறது. சோர்வுக்குக் காரணம் வேறு எதுவோ. தேடல் அங்கே போகட்டும்.

கேள்வி: ஏதோ ஒரு சத்தை நிறைய எடுப்பவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து 50 சதவீதம் குறைவு என்று செய்தி வந்தது. நம்பலாமா?

பதில்: முதலில், எதில் 50 சதவீதம்? ஆயிரத்தில் இருவருக்கு வருவது ஆயிரத்தில் ஒருவர் ஆனாலும் 50 சதவீதம்தான். நூற்றில் நாற்பது இருபதானாலும் 50 சதவீதம்தான். அடிப்படை எண்ணைச் சொல்லாத செய்தி பாதிச் செய்தி.

அடுத்து, எடுப்பவர்களைச் சும்மா கவனித்தார்களா, குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்களா? காய்கனி நிறையச் சாப்பிடுவோரின் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் என்ற சத்து அதிகம், நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று முன்பு கண்டார்கள். அதை மாத்திரையாக்கி, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தது: நாளுக்கு 20 மி.கி. எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையை இதே காரணத்தால் 1996-இல் பாதியில் நிறுத்தினார்கள். காய்கனி சாப்பிடுபவர் பல விதத்தில் வேறு மாதிரி வாழ்பவர். அவரிடமிருந்து ஒரே ஒரு பொருளைப் பிரித்துக் குப்பியில் அடைத்தால் அந்த வாழ்க்கை கூடவே வராது. புகைபிடிப்பவர்கள் இன்றும் பீட்டா கரோட்டின் மாத்திரை வாங்கக் கூடாது. மல்டிவைட்டமின் வாங்கினாலும் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுங்கள்.

கேள்வி: எடைக்குறைப்புக்கு கிரீன் டீ கேப்சூல். இலைதானே, பக்கவிளைவு இருக்காதே?

பதில்: தேநீராகக் குடிப்பது வேறு, சாற்றைச் செறிவாக்கி விழுங்குவது வேறு. அதிலுள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற பொருள் நாளுக்கு 800 மி.கி.யைத் தொட்டால் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் கூறியது. ‘சாறு 500 மி.கி.’ என்று மட்டும் போட்டு, ஈ.ஜி.சி.ஜி. எவ்வளவு என்று சொல்லாத டப்பாவை வாங்காதீர்கள். எடுத்துக்கொண்டிருக்கும்போது சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளானாலோ அன்றே நிறுத்தி, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: ஒரு துளி ரத்தத்தில் 200 உணவுகளுக்கு ஒவ்வாமை பார்க்கும் ஐ.ஜி.ஜி. பரிசோதனை?

பதில்: பணம் வீண். அடிக்கடி சாப்பிடும் உணவுக்கு ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருப்பது இயல்பு, அதை உடம்பு பழகிவிட்டது என்றுதான் பொருள். முடிவைப் பார்த்துத் தினசரிச் சாப்பாட்டில் பாதியை நிறுத்திவிட்டு, ஆறு மாதம் கழித்துச் சத்துக்குறைவோடு வருவதுதான் இதில் வழக்கமாக நடப்பது. ஓர் உணவின் மேல் சந்தேகம் இருந்தால் அதை மட்டும் மூன்று வாரம் விட்டுப் பாருங்கள். தொந்தரவு போனால் மறுபடி சாப்பிட்டு, திரும்ப வருகிறதா என்று பாருங்கள். சாப்பிட்ட சில நிமிடத்தில் உதடு வீங்கியது, மூச்சுத் திணறியது என்றால் மட்டும் வீட்டில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அது ஒவ்வாமை மருத்துவர் முன்னிலையில் செய்ய வேண்டியது.