துபாயில் பள்ளி தொடங்க: முதலில் எந்தக் கதவைத் தட்டுவது?

கேள்வி: எங்கள் கல்வி அறக்கட்டளை கீழக்கரையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளி நடத்துகிறது. துபாயில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அங்கே ஒரு சிபிஎஸ்இ பள்ளி தொடங்கலாம் என்கிறார்கள். கட்டடமும் பார்த்தாகிவிட்டது, உரிமையாளர் முன்பணம் கேட்கிறார். டெல்லியில் சிபிஎஸ்இ அனுமதி வாங்கிவிட்டால் அங்கே எல்லாம் பேசி முடித்துவிடலாம் என்கிறார் ஓர் ஆலோசகர். அறக்கட்டளையின் வைப்புத்தொகையை எடுத்து அனுப்பலாமா?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். வைப்புத்தொகையிலும் இப்போது கை வைக்க வேண்டாம்.

ஆலோசகர் வரிசையைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். வெளிநாட்டில் பள்ளி நடத்த சிபிஎஸ்இ உரிமம் தருவதில்லை, பள்ளியைத் தன் பாடத்திட்டத்திலும் தேர்விலும் சேர்த்துக்கொள்ளும் இணைப்புதான் தருகிறது. அதைக் கேட்கப் போகும்போதே அந்த நாட்டுக் கல்வி அதிகாரிகளின் அனுமதியும் இந்தியத் தூதரகத்தின் பரிந்துரையும் கையில் இருக்க வேண்டும். துபாய் முதலில், டெல்லி பிறகு.

துபாயில் தனியார் பள்ளிகளைக் கவனிப்பது 2006இல் அமைந்த கேஎச்டிஏ ஆணையம். அபுதாபிக்கு அடெக், ஷார்ஜாவுக்கு ஸ்பியா என்று தனித்தனி ஆணையங்கள் உண்டு. வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் இடம் பிடித்துவிட்டு துபாய்க்குத் தயாரித்த காகிதத்தை அங்கே நீட்ட முடியாது. கேஎச்டிஏ முதலில் தருவது முதற்கட்ட ஒப்புதல் மட்டுமே. அதை உரிமம் என்று நினைத்துச் சேர்க்கை விளம்பரம் கொடுப்பது பலரும் செய்யும் தவறு. அதற்குப் பிறகுதான் நிறுவனப் பதிவு, மாநகராட்சியின் கட்டட அனுமதி, சிவில் டிஃபென்ஸின் தீயணைப்புச் சான்று, பள்ளி மருத்துவ அறைக்குச் சுகாதார ஆணையத்தின் அனுமதி, பேருந்துகளுக்குப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி என்று வரிசையாக வரும். நீங்கள் பார்த்திருக்கும் கட்டடம் பள்ளிக்கு ஏற்றதல்ல என்று இவர்களில் ஒருவர் சொன்னாலும் முன்பணம் போனதுதான். உரிமையாளர் விடாப்பிடியாக இருந்தால், 'ஒப்புதல் கிடைக்காவிட்டால் பணம் முழுவதும் திரும்பும்' என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் வேறு கட்டடம் பாருங்கள்.

'பேசி முடிக்கலாம்' என்பதில் பாதி உண்மை உண்டு. எதைப் பேசலாம் என்று தெரிந்துகொண்டு உட்கார வேண்டும். அரபு மொழிப் பாடம், முஸ்லிம் மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி, அமீரகச் சமூகப் பாடமும் நன்னெறியும், தீ பாதுகாப்பு ஆகியவற்றைப் பேரத்துக்கு எடுத்தாலே உங்கள் மீது சந்தேகம் வரும். எந்த வகுப்புகளில் தொடங்குவது, ஆண்டுக்கு எத்தனை பிரிவு கூட்டுவது, ஒரு நிபந்தனையை எத்தனை மாதத்தில் முடிப்பது ஆகியவற்றைத் தாராளமாகப் பேசலாம். கூட்டம் முடிந்த அன்றே, பேசியதைச் சுருக்கி மின்னஞ்சலில் அனுப்பி உறுதி கேளுங்கள். அடுத்த முறை அதே நாற்காலியில் வேறு அதிகாரி இருக்கலாம்.

கட்டணத்தில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஊர்ப் பிள்ளைகள் வரட்டும் என்று முதல் ஆண்டு அடிமாட்டு விலை வைப்பது, மூன்றாம் ஆண்டு ஏற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுவது. துபாயில் அது நடக்காது. கட்டணம் ஆணையத்தின் ஒப்புதலுக்கு உட்பட்டது. உயர்வும், பள்ளி நடத்தும் செலவு எவ்வளவு ஏறியது என்று காட்டும் கல்விச் செலவுக் குறியீட்டெண்ணை ஒட்டித்தான் அனுமதிக்கப்படும். தொடக்கக் கட்டணத்தில் செய்த தவறு பள்ளியை ஆண்டுக்கணக்கில் அழுத்தும். வாடகை, ஆசிரியர் சம்பளம், விசா, மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்து, இருக்கைகளில் பாதிதான் நிரம்பும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்போதும் தாங்குகிற கட்டணத்தை எழுதுங்கள்.

வகுப்புகளைப் பொறுத்தவரை மழலையர் முதல் 5 வரை தொடங்கி ஏறுவதே நல்லது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் மாணவர் ஒன்பதிலேயே சிபிஎஸ்இயில் பதிவாகியிருக்க வேண்டும். இணைப்பு வருமுன் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தால் நடுவில் மாட்டிக்கொள்வது பிள்ளைகள்தான்.

இனி பணம். இந்தியக் கல்வி அறக்கட்டளை வெளிநாட்டுப் பள்ளியில் முதலீடு செய்ய ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி கட்டாயம். 2022ஆம் ஆண்டின் வெளிநாட்டு முதலீட்டு விதிகள்படி அறக்கட்டளை மூன்று நிதியாண்டாவது இயங்கியிருக்க வேண்டும். அறக்கட்டளைப் பத்திரம் இதற்கு இடம் தர வேண்டும். அறங்காவலர்களின் ஒப்புதலும் தேவை. பழைய பத்திரங்கள் பலவற்றில் 'இந்தியாவுக்குள்' என்ற சொல் இருக்கும், முதலில் அதைப் படித்துப் பாருங்கள். போதாக்குறைக்கு, வரிவிலக்கு பெற்ற வருமானத்தை வெளிநாட்டில் செலவிட நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதியும் வேண்டும். இல்லாவிட்டால் கீழக்கரைப் பள்ளியின் வரிவிலக்குக்கே சிக்கல் வரும்.

அறங்காவலர்கள் தனிப்பட்ட முறையில் அனுப்பினால் ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வழியுண்டு. ஆனால் அது முதலீடாகப் போக வேண்டும். பணம் போகுமுன் வங்கி மூலம் எஃப்சி என்ற வெளிநாட்டு முதலீட்டுப் படிவம் கொடுத்து, அந்த முதலீட்டுக்கு அடையாள எண் பெறுங்கள். 'குடும்பச் செலவு' என்று எழுதி அனுப்பிவிட்டுப் பிறகு பங்கு என்று காட்ட முடியாது. சின்ன வங்கிக் கிளைகளுக்கு இந்தப் படிவ வேலையில் பழக்கம் இருக்காது. அந்நியச் செலாவணிப் பிரிவு உள்ள கிளையைக் கேளுங்கள். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் வரியை முன்கூட்டியே வசூலிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டலாம்.

எங்களைக் கேட்டால், துபாயில் சம்பாதிக்கும் சபுராளி (பிழைப்புக்காகக் கடல் கடந்த) பிள்ளைகளே அங்குள்ள தங்கள் பணத்தில் பள்ளியைத் தொடங்கட்டும். உங்கள் அறக்கட்டளை பாடத்திட்டம், ஆசிரியர் தேர்வு, பயிற்சி ஆகியவற்றுக்கு எழுத்து ஒப்பந்தம் போட்டுக் கட்டணம் வாங்கட்டும். பணம் வெளியே போகவும் வேண்டாம், இத்தனை அனுமதியும் வேண்டாம்.

சான்றிதழ் வேலையை மட்டும் இன்றே தொடங்கலாம். ஒரு நாடு வைக்கும் ஒரே சான்று முத்திரையை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொள்ளும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் அமீரகம் இல்லை. அதனால் முதல்வர், ஆசிரியர்களின் பட்டங்களுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், அங்கே போனபின் அமீரக வெளியுறவு அமைச்சகம் என்று நான்கு சான்றொப்பம் வேண்டும். தமிழில் இருக்கும் பத்திரங்களுக்கு உரிமம் பெற்ற சட்ட மொழிபெயர்ப்பாளரிடம் அரபு வடிவம் வாங்க வேண்டும்.

இங்கே காலத்தைத் தின்பது பெயர்தான். முகமது என்பதை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். பட்டத்தில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுசாக, பி.எட். சான்றிதழில் மூன்றாவது எழுத்துக்கூட்டு. ஆளை எடுக்குமுன் பாஸ்போர்ட்டையும் எல்லாச் சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் சான்றொப்பத்துக்கு அனுப்புமுன்பே திருத்துங்கள். முத்திரைகள் விழுந்தபின் திருத்தினால் நான்கு இடத்துக்கும் மறுபடி நடக்க வேண்டும்.