பல் சுத்தம் செய்யப் போன இடத்தில் இதயக் கோளாறா?

கேள்வி: சிங்கப்பூரில் அங் மோ கியோவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். எங்கள் ஷிட்சு நாய்க்கு 9 வயது. பல் சுத்தம் செய்யக் கொண்டுபோனபோது டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, "மர்மர் இருக்கிறது, 3ஆம் தரம்" என்றார். எக்ஸ்ரே, ரத்தம், ஈசிஜி, எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் ஒன்றைக் கொடுத்தார்கள். நாயோ ஓடியாடிக்கொண்டு இருக்கிறது. இவ்வளவும் தேவையா, இல்லை தலையில் கட்டப் பார்க்கிறார்களா?

பதில்: சந்தேகப்படுவதில் தப்பில்லை. ஆனால் எக்கோவை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

மர்மர் என்பது நோயின் பெயர் அல்ல, சத்தத்தின் பெயர். ரத்தம் சீராக ஓடாமல் சுழித்து ஓடும்போது எழும் இரைச்சல் அது. 1 முதல் 6 வரையிலான தரம், சத்தம் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதற்குத்தான். ஏன் கேட்கிறது என்பதற்கு அல்ல. வயதான சின்ன நாய் என்றால் பெரும்பாலும் இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவிலுள்ள மைட்ரல் வால்வு தடித்து, ரத்தம் பின்னோக்கிக் கசிந்துகொண்டிருக்கும். ரத்தசோகையாலும் மர்மர் வரலாம்.

வால்வு கசிவதையும் இதய அறை பெரிதாகியிருப்பதையும் நேராகக் காட்டுவது எக்கோதான். யார் பார்த்து அறிக்கை எழுதுவார், இதயத்தில் தனிப்பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். நுரையீரலில் நீர் கோத்திருப்பதை எக்ஸ்ரே காட்டும். இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் அதை முதலில் எடுப்பது நியாயம். ஈசிஜி, துடிப்பு தாளம் தப்பினால் அவசியம். இல்லாவிட்டால் பிறகு பார்க்கலாம். ரத்தப் பரிசோதனை எப்படியும் பல் சுத்தத்துக்குக் கொடுக்கும் மயக்கமருந்துக்கு முன் செய்வதுதான். பல் பில்லிலும் பேக்கேஜிலும் இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று பாருங்கள்!

இதய அளவு ஏன் முக்கியம்? பெரிதாகியிருந்தால் பிமோபெண்டான் என்ற இதய மாத்திரை பலன் தரும். 2016இல் வெளியான ஓர் ஆய்வில் அது இதயச் செயலிழப்பைச் சுமார் 15 மாதம் தள்ளிப்போட்டது. பெரிதாகாத இதயத்துக்கு அதனால் பலன் என்று நிரூபணமாகவில்லை. ஆயுசு முழுக்க வாங்க வேண்டிய மாத்திரை, அதனால் எக்கோவுக்குக் கொடுக்கும் வெள்ளி வீண் இல்லை.

காப்புறுதி இனிமேல் எடுக்கலாம் என்று நினைத்தால், மர்மர் மருத்துவப் பதிவில் ஏறிவிட்டது. ஏற்கெனவே இருந்த நோய் என்று பொதுவாகத் தள்ளிவிடுவார்கள்.

காசில்லாத சோதனை ஒன்று: நாய் அசந்து தூங்கும்போது மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள். அப்புறம், பல் சுத்தத்தை ரத்து செய்ய வேண்டாம். எக்கோ முடிவு வரும்வரை தள்ளிவைத்தால் போதும்.