வாங்குமுன் கேளுங்கள்: ஒரு காரின் சில்லு இன்னொரு காருக்கு

இந்தக் கிழமை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரிம், டயர், அடப்டர் (வேறு காரின் ரிம் ஏற, காருக்கும் ரிம்முக்கும் நடுவே பூட்டும் தட்டு) பற்றியவை. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதுவரை இருக்கிற காரையே சோடித்து வைத்திருந்தோம். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. மற்றக் கேள்விகள் அடுத்த கிழமை.

என்னிடம் இருப்பது வேகன் ஆர். ஹொண்டா ஃபிட்டின் 15 அங்குல அலோய் ரிம் நான்கு கிடைத்திருக்கிறது. அடப்டர் போட்டால்தான் ஏறும் என்று சொல்லி, அதற்கு மட்டும் 22,000 ரூபா கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (உவர்மலை)

கொடுக்க வேண்டாம். உங்களுக்கு அடப்டரே தேவையில்லை. இரண்டு காருக்கும் நாலு ஓட்டை, ஓட்டைகள் நிற்கும் வட்டத்தின் விட்டமும் ஒரே 100 மில்லிமீற்றர். ஃபிட் ரிம்மின் நடு ஓட்டை 56.1, அதற்குள் நுழையும் உங்கள் காரின் ஹப், அதாவது சில்லைத் தாங்கும் நடுப்பகுதி, 54. அந்த இடைவெளிக்கு ஒரு வளையம் போதும்.

கவனம் வேண்டியது நட்டில்தான். ரிம்மோடு வந்த ஹொண்டா நட்டைப் போடாதீர்கள். ஹொண்டாவின் புரி இடைவெளி 1.5, சுசுகியின் புரி 1.25. கையால் இரண்டு சுற்று ஏறிவிட்டு நிற்கும். அதற்கு மேல் மெஷினால் அடித்தால் ஸ்டட்டின், அதாவது நட் ஏறும் ஆணியின், புரி போய்விடும். உங்கள் பழைய நட்டும் சரிவராது. ஹொண்டாவின் சொந்த ரிம்மில் நட் உட்காரும் குழி உருண்டை, சுசுகி நட்டின் முகம் கூம்பு. உருண்டை முகமும் 1.25 புரியும் உள்ள நட் என்று கேட்டு வாங்குங்கள்.

டயரையும் பாருங்கள். ரிம்மில் 185/60 இருந்தால் அதன் உயரம் 603 மில்லிமீற்றர். உங்கள் 155/65 ஆர் 14 வெறும் 557. மீற்றர் 60 காட்டும்போது கார் 65இல் போகும், திருப்பும்போது மட்காட்டில் உரசும். 165/55 ஆர் 15 போட்டால் கிட்டத்தட்ட பழைய உயரம் வரும்.

முகநூலில் படம் பார்த்து என் ப்ரியஸ் 30க்கு ஐந்து ஓட்டை ரிம் எடுத்தேன். முழுக் காசும் வங்கியில் போட்டுவிட்டேன். வந்தது 114.3, என் கார் 100. எந்த அடப்டர் நல்லது? (மூன்றாம் கட்டை)

தம்பி, முதலில் திருப்பிக் கொடுக்கக் கேளுங்கள். அடப்டர் பேச்சு பிறகு. பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் நடுவுக்கு நடு அளந்தால் 100க்கு 58.8 மில்லிமீற்றர் வரும், 114.3க்கு 67.2 வரும். பள்ளிக்கூட அடிமட்டத்திலேயே தெரியும் வித்தியாசம். அடிமட்டத்தை வைத்து ஒரு படம் அனுப்பச் சொல்லியிருந்தால் விற்றவர் அனுப்பியிருப்பார், அல்லது ஓடியிருப்பார். இதே பத்தியில் எத்தனை முறை எழுதிவிட்டேன்!

அலியன் ரிம்மை விட்ஸ்ஸுக்குப் போட, நாலை ஐந்தாக்கும் 15 மில்லிமீற்றர் ‘யூனிவர்சல்’ அடப்டர் வாங்கினேன். கந்தளாய்ப் பக்கம் 80 தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. வீல் பலன்ஸ் இரண்டு தரம் செய்தாயிற்று. கடைக்காரர் ரோட்டைக் குறை சொல்கிறார். (பாலையூற்று)

ரோட்டில் பிழையில்லை. உங்களிலும் பிழையில்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்.

‘யூனிவர்சல்’ என்ற சொல்லை நான் கண்டால் விடமாட்டேன். சில்லு ஒரு காரில் சரியாக உட்கார ஓட்டை வட்டம், நடு ஓட்டை, புரி, ரிம்மின் உள்-வெளி அளவு என்று நாலு கணக்கு ஒத்துவர வேண்டும். எல்லாக் காருக்கும் என்று ஓட்டைகளை நீட்டி வெட்டிய தட்டு எந்தக் காருக்கும் நடுவில் நிற்காது. நடுவில் நிறுத்துவது ஹப்பில் ஏறும் விளிம்பு. அது உங்கள் அடப்டரில் இருக்காது என்றே நினைக்கிறேன். கழற்றிப் பாருங்கள். விளிம்பு இல்லாவிட்டால் எத்தனை தரம் பலன்ஸ் செய்தாலும் நடுக்கம் போகாது.

தடிப்பும் குறைவு. காரின் சொந்த ஸ்டட்டும் அதன் நட்டும் அடப்டருக்குள் அடங்க வேண்டும். 20 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் பெரும்பாலும் ஸ்டட்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

இதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். என் பழைய காருக்கும் இதேபோல் ஒன்றை வாங்கிப் பூட்டினேன். ஒரு கச்சான் காற்று நாளில், கன்னியா வீதியோரம் நிறுத்தி முன் சில்லைக் கழற்றினேன். ரிம்மின் பின்புறம் முழுக்கக் கறுப்புத் தூசி. அதில் நாலு இடம் மட்டும் பளபளவென்று, சுண்டுவிரல் நுனி அளவுக்குக் குழிந்திருந்தது. ஸ்டட் முனைகள் தின்ற அலுமினியம். ரிம் அடப்டரில் அமரவே இல்லை, நாலு முனையில் நின்றுகொண்டு ஓடியிருக்கிறது. பின் சீட்டில் என் அம்மா இருந்தார். அடப்டரையும் ரிம்மையும் அன்றைக்கே கழற்றிப் போட்டேன்.

நல்ல அடப்டர் இருக்கிறது. வார்ப்பு அலுமினியமாக இல்லாமல் அடித்து உருவாக்கியதாக, உங்கள் காரின் 54.1 விளிம்போடு, 20 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல். அதற்கும் ஒரு விலை உண்டு. 20 மில்லிமீற்றர் அடப்டர் போட்டால், உள்-வெளி அளவு 45 என்று எழுதிய ரிம் 25 ஆகும், சில்லு இரண்டு பக்கமும் 20 மில்லிமீற்றர் வெளியே தள்ளும், பெயாரிங்கில் பாரம் கூடும். அதோடு உள்ளே நாலு நட் மறைந்துவிடும். அவற்றை இறுக்கிப் பார்க்கச் சில்லைக் கழற்ற வேண்டும். 100 கிலோமீற்றர் ஓடியபின் கழற்றி, டோர்க் ரென்சில் 103 நியூட்டன் மீற்றர் வைத்து மறுபடி இறுக்க வேண்டும். எந்தக் கராஜிலும் அவர்களாக இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. இதைச் செய்ய முடியாதவர் நாலு ஓட்டை ரிம்மே வாங்கட்டும், அப்புறம் இந்தத் தலையிடி எதுவும் இல்லை.

இப்போதைக்கு அந்த அடப்டரோடு ஹபரணை, கொழும்பு என்று ஓடாதீர்கள்.

கே.டி.எச். வானில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறேன். அகலமாகத் தெரிய அடப்டர் போடலாமா? (கிண்ணியா)

கூடாது.

நிலாவெளியில் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் போட்ட அடப்டர் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. பாஸ் காஸ் வைத்துச் சூடாக்கவா என்கிறார்.

சூடாக்க விடாதீர்கள், அலுமினியம் பலம் இழக்கும். உப்புக் காற்றில் இரும்பும் அலுமினியமும் சேர்ந்தால் வரும் வினை இது. துரு இளக்கும் எண்ணெயை நடு விளிம்பில் விட்டு ஒரு இரவு வையுங்கள். மறுநாள் றப்பர் சுத்தியலால் பின்பக்கமிருந்து சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். வெடிப்பு இருந்தால் மறுபடி பூட்ட வேண்டாம்.

கணவர் வெளிநாட்டில். இரண்டு மாதத்துக்கு முன் ‘புத்தம் புது’ என்று பில்லில் எழுதி நாலு டயர் தந்தார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி பார்த்துவிட்டு, பழையது என்கிறார். 1117 என்று இருக்கிறது. பெண் என்பதால் ஏமாற்றினார்களா? (உப்புவெளி)

தம்பி சொன்னது சரி, தங்கச்சி. அது 2017ஆம் ஆண்டின் 11ஆவது கிழமையில் செய்த டயர். அந்த நாலு இலக்கமும் சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பிப் பூட்டிவிட்டால் யார் கண்ணிலும் படாது. ஆண்களும் இதே மாதிரி ஏமாந்து எனக்கு எழுதுகிறார்கள், நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பில்லைப் பத்திரமாக வையுங்கள். நாலு டயரின் இலக்கத்தையும் படம் எடுங்கள். கடையில் மாற்றித் தரக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. 1977க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். கடிதம் எழுதக் கஷ்டமென்றால் விபரத்தை எனக்கு அனுப்புங்கள், எழுதித் தருகிறேன்.